பேர் சொல்லாத ஒப்பாரி

போடியில் ஏலக்காய் பொறுக்கும் பெண்களிடம் போய், உங்கள் முளைப்பாரிப் பாட்டைப் பாடுவது யார் என்று கேட்டால் உடனே வீரலட்சுமி என்பார்கள். கட்டியது யார் என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். பிறகு, அது ஒச்சம்மா கட்டுறது என்பார்கள். அந்த யோசனையில் அவமரியாதை ஒன்றும் இல்லை. பாட்டு என்றால் தொண்டை என்றுதான் அங்கே வழக்கம். சொல்லை ஒருத்தி எங்கேயோ உட்கார்ந்து கோர்த்திருப்பாள் என்பது, சோறு தின்னும்போது நாற்று நட்டவளை நினைப்பது மாதிரி, கேட்டால்தான் நினைவுக்கு வரும்.

ஒச்சம்மாளுக்கு இப்போது ஐம்பத்தாறு வயது. பிறந்தது தேவாரம். அப்பாவுக்கு மலையடிவாரத்தில் குத்தகை நிலம். மக்காச்சோளம் பால் பிடிக்கிற பருவத்தில் யானை இறங்கிவிடும். ஏழு வயதிலிருந்து தகர டின்னைத் தட்டிக் கத்துவதுதான் அவள் சோலி. கத்திக் கத்தியே தொண்டை போய்விட்டது. வயதுக்கு வந்தபோது, உமியைச் சல்லடையில் ஆட்டினால் வருமே, அந்தச் சத்தம்தான் மிச்சம் இருந்தது. ஆனால் டின்னின் தாளம் உள்ளே தங்கிவிட்டது. வெறுமனே கத்துவதைவிட யானையைத் திட்டிச் சொல் கோர்த்துக் கத்தினால் பொழுது போகிறது என்று அவளே கண்டுகொண்டாள். அவள் கட்டிய முதல் பாட்டு யானைக்கு. அதைக் கேட்டு யானை வெட்கப்பட்டுத் திரும்பிப் போனதாக அவள் அப்பா ஊரெல்லாம் சொன்னார். உண்மையில் அன்றைக்குப் பக்கத்துத் தோட்டத்தில் வெடி போட்டார்கள்.

பத்தொன்பது வயதில் காமராஜைக் கட்டிக்கொண்டு போடிக்கு வந்தாள். குரங்கணி போகிற ரோட்டோரம் தெரு. காமராஜுக்கு முக்கால் ஏக்கர் தென்னை. அது மட்டும் குடும்பத்துக்குக் காணாது என்பதால் பாண்டியராஜின் ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்கப் போனாள். சல்லடையில் பருமன் பிரித்த காயைப் பெண்கள் முன்னால் கொட்டுவார்கள். வெடித்தது, வெளுத்தது, சொத்தை எல்லாவற்றையும் விரலால் ஒதுக்க வேண்டும். காலையில் உட்கார்ந்தால் விளக்கு வைக்கும்வரை கைக்குத்தான் வேலை. தலை சும்மா இருக்கும். சும்மா இருந்த அந்தத் தலைக்குள்தான் அவள் முப்பது வருடமாகப் பாட்டுக் கட்டினாள். காகிதம் கிடையாது. ஐந்தாம் வகுப்புப் படிப்பில் பஸ்சின் ஊர்ப்பேரை எழுத்துக்கூட்டி வாசிக்க வரும், அவ்வளவுதான். நாள் முழுக்க உதடு மட்டும் அசைந்துகொண்டிருக்கும். ஏலக்காய் தின்கிறாள் என்று சந்தேகப்பட்டு, புதிதாக வந்த மேஸ்திரி ஒருவன் அவளை வாயைத் திறந்து காட்டச் சொன்னதும் உண்டு.

கட்டிய பாட்டைச் சோதித்துப் பார்க்க ஒரு தொண்டை வேண்டும். அதற்கு மகள் வித்யா இருந்தாள். தாய் உமிச்சத்தத்தில் ஒரு வரியை முணுமுணுப்பாள். ஐந்து வயது மகள் அதை வாங்கி ராகத்தில் ஏற்றுவாள். ஏறவில்லை என்றால், "இந்தச் சொல்லு நொண்டுதும்மா" என்பாள். தாய் சொல்லை மாற்றுவாள். வித்யா சரி என்ற பிறகுதான் பாட்டு வீட்டைவிட்டு வெளியே போகும். வெள்ளச்சி என்று ஒரு பூனை வளர்த்தார்கள். அது செத்தபோது மகள் அழுகையை நிறுத்தவில்லை என்பதற்காக ஒச்சம்மாள் அந்தப் பூனைக்கும் நாலு வரி ஒப்பாரி கட்டினாள். வெள்ளச்சி, வெள்ளச்சி என்று வரிக்கு வரி பேர் சொல்லி.

ஒப்பாரிக்கு அந்தப் பெண்களிடம் ஒரு முறை உண்டு. செத்தவர் பேரைச் சொல்லித்தான் அழ வேண்டும். பேர் சொன்னால்தான் பாட்டு உரியவரிடம் போய்ச் சேரும். பேர் இல்லாத ஒப்பாரி வாசலைத் தாண்டாது. அதனாலேயே சாவு விழாத வீட்டில் யாரும் ஒப்பாரியை வாய்க்குள் முணுமுணுக்கக்கூட மாட்டார்கள். உயிரோடு இருப்பவர் பேர் தவறிப்போய் அதில் விழுந்துவிட்டால், வேறொன்றும் செய்வதற்கு இல்லை. பயந்துகொண்டு இருக்க வேண்டியதுதான்.

இருபதாவது வயதில், தேனியில் லேப் படிப்பை முடிக்கிற நேரத்தில், வித்யா மனோஜோடு போய்விட்டாள். மனோஜ் மேலே எஸ்டேட்டில் கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்தில் பிறந்து வளர்ந்தவன், ஜீப் ஓட்டினான். நல்ல பையன். வேறு சாதி. அந்தத் தெருவுக்கு இரண்டாவது விஷயம் மட்டும் போதுமாக இருந்தது.

மூன்றாம் நாள் காலையில் ஒச்சம்மாள் தெருமுனைக் குழாயில் குடத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். எதிரே பஸ் நிறுத்தத்தில் மகள் நின்றுகொண்டிருந்தாள். படமாக. கல்லூரி அடையாள அட்டைக்கு எடுத்த படத்தை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி விளம்பரத் தட்டியாக வைத்திருந்தார்கள். மேலே பெரிய எழுத்து. ஒச்சம்மாள் எழுத்துக்கூட்டினாள். கண்ணீர் அஞ்சலி. கீழே தோற்றம் ஒரு தேதி, மறைவு ஒரு தேதி. மறைவு என்று போட்டிருந்தது வித்யா வீட்டைவிட்டுப் போன வியாழக்கிழமை. அவள் முழுதும் வாசித்து முடிப்பதற்குள் குடம் நிறைந்து, வழிந்து, காலை நனைத்து, ரோட்டைத் தாண்டி ஓடியது. பின்னால் வரிசையில் நின்ற ஒருத்திகூடக் குடத்தை எடு என்று சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தால் வாசலில் பந்தல் ஏறிக்கொண்டிருந்தது. காமராஜ் விடியுமுன்னே கொட்டகுடி ஆற்றில் தலை முழுகிவிட்டு வந்திருந்தார். வேட்டியில் ஈரம் சொட்டியது. அவளைப் பார்க்காமல், கம்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஊருக்கெல்லாம் கட்டுனவ நீ. இன்னைக்கு ஒன் மகளுக்குக் கட்டு. சாயங்காலம் பாடணும்."

 இவர் என்னிடம்தான் பேசுகிறாரா என்றுகூட அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. மாட்டேன் என்று சொல்லத்தான் நினைத்தாள். சொன்னால் என்ன ஆகும் என்பதும் தெரிந்தது. சின்னமனூரிலிருந்து மைக் செட்டோடு ஆள் கூட்டிவருவார். அவர்கள் நோட்டில் பேரைக் கேட்டு எழுதிக்கொண்டு, மூச்சுக்கு மூச்சு வித்யா, வித்யா என்று அழுதுவிட்டுப் போவார்கள். பேர் சேர்ந்துவிடும்.

அன்றைக்கு அவள் கடைக்குப் போகவில்லை. ஆனால் கை சும்மா இருந்தால் சொல் வராது என்பதால் முறத்தில் துவரம்பருப்பைக் கொட்டி, பொறுக்க ஒன்றும் இல்லாததைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். மத்தியானத்துக்குள் பாட்டு வந்துவிட்டது. முதல்முறையாக, சோதித்துப் பார்க்க மகளின் தொண்டை இல்லாமல் கட்டிய பாட்டு.

*நெழலு கட்டி நான் வளத்தேன் ஏலஞ்செடியே – ஒனக்கு*
*நெஞ்சு நோகத் தண்ணி விட்டேன் ஏலஞ்செடியே*
*சரம் விட்டுப் பூக்கும் முன்னே ஏலஞ்செடியே – இப்பச்*
*சாஞ்சதென்ன மலங்காத்துல ஏலஞ்செடியே*

மொத்தம் பன்னிரண்டு அடி; இது முதல் இரண்டும் கடைசி இரண்டும். எல்லாம் செடிக்கு. மகள் என்ற சொல்லே அதில் இல்லை. காற்றில் சாய்ந்த செடிக்கு அழுதால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. பாடப்போகிற வீரலட்சுமியிடம் மட்டும் காதோரம் காரணத்தைச் சொன்னாள். வீரலட்சுமி தலையை ஆட்டிவிட்டு, மாரில் அடித்துக்கொண்டு, பந்தலே கலங்கும்படி பாடினாள்.

முடிந்ததும் காமராஜ் கேட்டார். "பேரு எங்க?"

ஒச்சம்மாள் வாயைத் திறக்குமுன் வீரலட்சுமிதான் முந்திக்கொண்டாள். "பெத்த வாயிண்ணே. ஒரேயடியா வந்துருமா? விடுங்க."

அவர் விட்டுவிட்டார். யாரோ ஒரு புண்ணியவான் எல்லாவற்றையும் செல்போனில் பிடித்துக்கொண்டிருந்தான். அதை அன்றைக்கு அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தப் பாட்டுக்கு அதற்குப் பிறகு தனியாக ஒரு வாழ்வு வந்தது. பேர் இல்லாததால் பெண்களுக்கு அதன்மேல் பயம் இல்லை. செடியைப் பற்றிய பாட்டுதானே என்று காய் பொறுக்கும்போது முணுமுணுத்தார்கள். வேலைக்கு ஏற்ப வேகம் கூடியது. மலைமேல் காற்றில் சாய்ந்த செடியைப் பிடுங்கிப் புது வேர்க்கட்டை நடும்போதும் பாடினார்கள். எங்கிருந்து வந்த பாட்டு என்பது இரண்டு மூன்று வருடத்தில் பலருக்கு மறந்தே போனது. ஒச்சம்மாளுக்கு மட்டும் அதைக் கேட்டால் கை நின்றுவிடும்.

மகளைப் பற்றி வீட்டில் பேச்சே இல்லை. மதுரையில் இருக்கிறாளாம், ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிற வேலையாம் என்று காற்றுவாக்கில் வந்தது. தேடிப் போகலாம் என்று இரண்டு முறை பஸ் நிலையம்வரை போனாள். தானே ஒப்பாரி கட்டியவள், எந்த முகத்தோடு போய் நிற்பது என்று திரும்பிவந்தாள். ஆனால் அவளால் ஒன்று செய்ய முடிந்தது. பங்குனி முளைப்பாரியில், கடைசி நாள் சாயங்காலம், பாரி எடுக்குமுன் அந்தத் தெருப் பெண்கள் கும்மி கொட்டும்போது பேர் கூப்பிடும் அடி ஒன்று வரும். கட்டிக்கொடுத்துப் போன பெண்களை ஒவ்வொருத்தியாகப் பேர் சொல்லி வாழ்த்துவது. அந்த அடியின் கடைசியில், முதல் வருடமே, ஒச்சம்மாள் ஒரு பேரைச் சேர்த்தாள். வீரலட்சுமி ஒன்றும் கேட்காமல் அதைப் பாடினாள். சுற்றி நின்ற நாற்பது பெண்களும் ஒன்றும் கேட்காமல் வாங்கிப் பாடினார்கள். கொட்டுக்காரர்களோடு நின்ற ஆண்கள் கவனித்ததாகவே தெரியவில்லை. பதிமூன்று வருடமாக இது நடக்கிறது.

காமராஜுக்கும் அந்தக் கொட்டுக்காரர்களுக்கும் மட்டும் வருடாவருடம் ஒரு சண்டை உண்டு. கும்மி முடியப்போகிற நேரத்தில், அடி உச்சத்துக்குப் போகும்போது, "மெதுவா அடிங்கப்பா" என்று அவர்களிடம் போய் நிற்பார். காசு வாங்கிக்கொண்டு மெதுவாக அடிப்பதா என்று அவர்கள் இன்னும் ஓங்கி அடிப்பார்கள். தலைவலிக்காரர் என்று தெருவில் அவருக்குப் பட்டப்பேரே விழுந்துவிட்டது.

இந்தத் தை மாதம் பாண்டியராஜ் கடைக்கு ஐம்பது வருடம் நிறைந்தது. கல்யாண மண்டபம் பிடித்து விழா வைத்தார். மதுரையிலிருந்து ஒரு பாட்டுக் குழு வருகிறது, முப்பது பேர் ஒன்றாகச் சேர்ந்து பாடுவார்கள் என்றார்கள். காய் பொறுக்கும் பெண்கள் எல்லாரும் நல்ல சேலை கட்டிக்கொண்டு வர வேண்டும், மத்தியானம் பிரியாணி. நாற்காலியை ரொப்பத்தான் நம்மைக் கூப்பிடுகிறார்கள் என்றாள் வீரலட்சுமி. பாட்டு நீண்டுபோய்ப் பிரியாணி ஆறிவிடும் என்பது மட்டும்தான் அவளுடைய கவலை.

குழுவில் பெண்கள் நீலச் சேலை, ஆண்கள் வெள்ளைச் சட்டை. மூன்று வரிசையாக நின்றார்கள். முன்னால் நின்று கையசைத்து நடத்தியவள் சுசித்ரா என்று பேர் சொன்னார்கள். பள்ளிக்கூடத்துப் பாட்டு டீச்சராம். மற்றவர்களெல்லாம் வேறு வேறு வேலை பார்ப்பவர்கள், ஞாயிற்றுக்கிழமை கூடிப் பாடுகிறார்களாம். நாலு பாட்டுப் பாடினார்கள். முப்பது குரல் மேலும் கீழுமாகப் பிரிந்து மறுபடி ஒன்று சேர்வது ஒச்சம்மாளுக்குப் பிடித்திருந்தது. சொல் சரியாகக் கேட்கவில்லை என்பதுதான் குறை. பிறகு சுசித்ரா மைக்கைப் பிடித்து, அடுத்தது இந்த மண்ணின் பாட்டு என்றாள். ஏலமலைப் பெண்கள் காலங்காலமாக வேலைக்களைப்புத் தீரப் பாடிவரும் பாட்டு, இயற்றியவர் யார் என்று யாருக்கும் தெரியாது, எல்லாரும் சேர்ந்து கைதட்டலாம் என்றாள்.

*நெழலு கட்டி நான் வளத்தேன் ஏலஞ்செடியே.*

 முப்பது பேரும் சிரித்த முகத்தோடு பாடினார்கள். தோளை ஆட்டிப் பாடினார்கள். நெஞ்சு நோகத் தண்ணி விட்டேன் என்ற இடத்தில் ஆண்கள் துள்ளலாக ஒரு தாளம் போட்டார்கள். முன் வரிசையில் பாண்டியராஜ் எழுந்து நின்று கைதட்டினார். மண்டபமே தட்டியது. பக்கத்தில் வீரலட்சுமியின் கை ஒச்சம்மாளின் மணிக்கட்டைப் பிடித்து இறுக்கியது. தன் மகளுக்காகக் கட்டிய ஒப்பாரிக்கு ஐந்நூறு பேர் கைதட்டும் சத்தத்துக்கு நடுவே, எழுந்து ஓடவும் முடியாமல் ஒச்சம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

கடைசி இரண்டு அடியில் எல்லாரும் அடங்கினார்கள். இரண்டாம் வரிசை ஓரத்திலிருந்து ஒரு குரல் மட்டும் தனியாக எழுந்தது.

*சரம் விட்டுப் பூக்கும் முன்னே எம்மக வித்யாவே – இப்பச்*
*சாஞ்சதென்ன மலங்காத்துல எம்மக வித்யாவே.*

குரல்தான் முதலில் தெரிந்தது. முகம் பிறகுதான். கண்ணாடி போட்டிருந்தாள், உடம்பு கொஞ்சம் போட்டிருந்தாள், தலை மட்டும் சின்ன வயதில் சொல் நொண்டுகிறதா என்று கேட்பாளே, அதே மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

பதிமூன்று வருடம் கழித்து மகளைப் பார்க்கிறோம் என்ற சந்தோசம் வரவில்லை.  பேர் விழுந்துவிட்டது. ஒரு பகல் முழுக்கப் பருப்பைப் பொறுக்கி, புருசன் கேட்டும் கொடுக்காமல், இத்தனை வருடம் சேராமல் காத்த பேர், மைக்கில், ஊர் முன்னால், மகள் வாயாலேயே விழுந்துவிட்டது.

"எந்திரி," என்றாள் வீரலட்சுமி. "பிரியாணிக்கு இல்ல. மகளப் பாக்க."

சாப்பாட்டுக் கூடத்தில் கை கழுவும் இடத்தில் வித்யா குனிந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து தாயைப் பார்த்தாள். குழாயை மூடினாள். ஓடவும் இல்லை, ஓடிவரவும் இல்லை.

"வாங்க," என்றாள்.

ஒச்சம்மாளுக்கு அது சுரீரென்றது. வாம்மா, போம்மா என்று இருபது வருடம் பேசிய வாய். இந்த நிமிடத்துக்காகக் காய் பொறுக்கிய கையோடு எத்தனையோ பேச்சைக் கோர்த்து வைத்திருந்தாள். ஒன்றுகூட வரவில்லை. உமிச்சத்தத்தில் வந்தது இதுதான்.

"எதுக்குடி பேரப் போட்ட?"

வித்யா சிரித்தாள். "வேற யாரு போடுவா? நீங்கதான் போடலையே."

பிறகு நிறுத்தாமல் பேசினாள். குரல் உயரவே இல்லை. மதுரைக்குப் போன முதல் மாதமே சொந்தக்காரன் ஒருவன் அந்தப் பதிவை அனுப்பியிருக்கிறான். மனோஜ் இல்லாத நேரத்தில் போட்டுக் கேட்டிருக்கிறாள். அடுத்த அடியில் பேர் வரும், அடுத்த அடியில் வரும் என்று பன்னிரண்டு அடியும் காத்திருந்தாளாம். எங்கேயோ விட்டுவிட்டோம் என்று மறுபடி கேட்டாளாம். முந்நூறு தடவையாவது இருக்கும் என்றாள். சுசித்ரா டீச்சர் ஊர்ப்பாட்டு ஏதாவது தெரியுமா என்று கேட்டபோது, அதை வேகமாகப் பாடிக்காட்டினாளாம். என்ன பாட்டு என்று சொல்லவில்லை. எல்லாரும் சிரித்துக்கொண்டு பாடினால்தான் தன்னால் பாட முடியும் என்று இருந்ததாம். கடைசி இரண்டு அடி மட்டும் தனக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கினாளாம்.

"வெள்ளச்சி செத்தப்ப பேரு சொல்லி அழுதீங்க. பூனைக்கு இருந்துச்சு. அப்பா தட்டி வச்சாரு, அதுலகூட எம்பேரு இருந்துச்சு. ஒம்பாட்டுலதாம்மா இல்ல."

 இப்படி ஒரு பக்கம் அந்தப் பாட்டுக்கு இருக்கும் என்று இத்தனை வருடத்தில் ஒருநாளும் ஒச்சம்மாளுக்குத் தோன்றியதில்லை. காப்பாற்ற வைத்த இடம் வெற்றிடமாகத் தெரிந்திருக்கிறது. அந்த வெற்றிடத்தைத்தான் மகள் பதிமூன்று வருடமாகக் கேட்டிருக்கிறாள்.

"பேரு செத்தவளுக்குடி," என்றாள். "நீ எங்க செத்த?"

வித்யாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது கண்ணாடியைக் கழற்றினாள். துடைக்க முந்தானைகூட இல்லாதவள் மாதிரி அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு, ஈரச் சிமெண்டுத் திட்டில் நீலச் சேலையோடு உட்கார்ந்துவிட்டாள்.

"அவ தொண்டைக்கு இதுக்கு மேல வராது," என்று வீரலட்சுமி முன்னே வந்தாள். "படிச்ச புள்ள, முந்நூறு தடவ போட்டுக் கேட்டாளாம். ஒரு தடவ எனக்குப் போனப் போட்டிருந்தா நான் சொல்லியிருக்க மாட்டேனா? இப்பக் கேளு." சேலையை இடுப்பில் செருகிக்கொண்டாள். கை கழுவ வந்த கடைப்பெண்களைப் பார்த்து ஒரு தட்டுத் தட்டினாள்.

*தேவாரம் போன கொடி கற்பகம் தழைக்கட்டும்*
*சின்னமனூர் போன கொடி ரேணுகா தழைக்கட்டும்*

எச்சில் கையோடு நின்ற பெண்கள் புறங்கையால் தட்டி வாங்கிப் பாடினார்கள். எட்டுப் பேர், ஒன்பது பேர் கூப்பிட்டான பிறகு கடைசி அடி வந்தது.

*தெச தெரியாமப் போன கொடி வித்யா தழைக்கட்டும்.*

அத்தனை பேரும் அதைச் சொன்னார்கள். யோசிக்காமல், தடுமாறாமல், பழகிய வாயாக. புதிதாகக் கட்டியதை அப்படிப் பாட முடியாது என்று வித்யாவுக்குத் தெரியும். சொல் தேய்ந்து வழுவழுப்பாக இருந்தது.

எப்போதிருந்து என்று கேட்டாள். நீ போன வருடத்திலிருந்து என்றாள் வீரலட்சுமி.  அப்பாவுக்குத் தெரியுமா என்று வித்யா கேட்டாள்.

"ஆம்பளைக கும்மியில வளையலத்தான பாப்பாங்க. வார்த்தைய எவன் கேக்குறான்."

பெண்கள் சிரித்தார்கள். வித்யாவும் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. தாயின் முந்தானையை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

சத்தம் கேட்டு சுசித்ரா வந்தாள். தன் அம்மாதான் ஏலஞ்செடிப் பாட்டைக் கட்டியவள் என்று வித்யா சொன்னதும் அவள் அரண்டுபோனாள். நூறு வருடத்துப் பாட்டு என்றல்லவா நினைத்தோம் என்றாள். அடுத்த வாரம் தேனியில் பாடும்போது கட்டாயம் பேர் போடுகிறேன் என்று காகிதத்தை எடுத்தாள்.

"அது ஒப்பாரிம்மா," என்றாள் ஒச்சம்மாள்.

சுசித்ராவின் பேனா நின்றது. மூன்று மாதமாக, சிரித்துக்கொண்டு பாடுங்கள், இன்னும் நன்றாகச் சிரியுங்கள் என்று குழுவிடம் சொல்லிச் சொல்லி வேலை வாங்கியவள். அவள் முகம் வெளுத்ததைப் பார்க்க ஒச்சம்மாளுக்கே பாவமாக இருந்தது.

"நீங்க செடிக்குன்னு நெனச்சே பாடுங்க. சிரிச்சே பாடுங்க, அதுல தப்பில்ல. பேரு மட்டும் வேணாம். இவ பேரும் வேணாம், எம்பேரும் வேணாம். எம்பேரப் போடணும்னா கும்மிக்குப் போட்டுக்கங்க."

வேன் கிளம்பும்வரை தாயும் மகளும் ஒரே இலையில் ஆறிப்போன பிரியாணியைத் தின்றார்கள். மூன்றாம் வகுப்புப் படிக்கும் பெண் இருக்கிறாள் என்று வித்யா சொன்னாள். வீட்டுக்கு வா என்று ஒச்சம்மாளால் கூப்பிட முடியவில்லை. அந்த வாசல் அவள் கையில் இல்லை. வேனில் ஏறும்போது மகள் திரும்பி, "வர்றேம்மா" என்றாள். 'வாங்க' போய்விட்டிருந்தது.

வீட்டுக்கு வந்தபோது காமராஜ் பின்கட்டில் தென்னமட்டை கிழித்துக்கொண்டிருந்தார். அரிவாள் ஒரே சீராக விழுந்தது. ஜீப் ஓட்டுகிற சின்ராசு அவளுக்கு முன்னாலேயே வந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போயிருந்தான் என்பது, 'சின்ராசு வந்தான்' என்று அவர் சொன்னதிலிருந்தே தெரிந்தது. அவள் காலைக் கழுவினாள். வரப்போகிற சத்தத்துக்காகக் காத்திருந்தாள். சத்தம் வரவில்லை. இரண்டு மட்டை கிழித்து முடித்தார்.

"பங்குனிக்கு இன்னும் எத்தன நாளு இருக்கு?" என்றார்.

"ரெண்டு மாசம். ஏன்?"

"அந்தப் பேரக் கடைசியில வைக்காத." மட்டையைப் பார்த்தேதான் பேசினார். "கடைசியில கொட்டு ஏறிருது. ஒண்ணும் கேக்க மாட்டேங்குது. நடுவுல வையி."

ஒச்சம்மாளுக்கு அப்போதுதான் விளங்கியது.  மெதுவா அடிங்கப்பா. ஒவ்வொரு பங்குனியும் அந்தக் கொட்டுக்காரர்கள் முன்னால் போய் நின்ற மனுசன். வெளியே ஒரு சொல் விடாமல், தட்டியை வைத்த கையால் தோளில் துண்டைப் பிடித்துக்கொண்டு, காதைத் தீட்டிக்கொண்டு. கேட்டிருக்கிறார். பதிமூன்று வருடமும் கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து சோறு போடு என்றிருக்கிறார். அழுகை வரும் என்று நினைத்தாள். வந்தது கோபம். யானைக்கு டின் தட்டிய காலத்துக்குப் பிறகு அப்படி ஒரு கோபம் அவளுக்கு வந்ததில்லை.

"எங்க வைக்கணும்னு எனக்குத் தெரியும்," என்றாள்.

உள்ளே போய் முறத்தை எடுத்தாள். பருப்பைக் கொட்டினாள். பின்கட்டில் அரிவாள் சத்தம் நின்றிருந்தது. வெகுநேரம் கழித்துத்தான் அது மறுபடி கேட்டது.